பழைய லேப்டாப்புக்கு அடாப்டர் தேடுகிறீர்களா? பிளக் பொருந்தினால் மட்டும் போதாது

பழைய லேப்டாப் கைக்கு வரும்போது அடாப்டர் இல்லாமல்தான் பெரும்பாலும் வரும். எனக்கு வந்தது ஐபிஎம்மின் திங்க்பேட் 600, 1998இல் வெளியான மாடல். திரை சுத்தம், விசைப்பலகையில் ஓர் எழுத்துகூட அழியவில்லை, அடாப்டர் மட்டும் இல்லை. வீட்டில் கிடந்த வேறொரு லேப்டாப்பின் அடாப்டரை எடுத்துச் செருகிப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்தது போல் உட்கார்ந்தது. ஆனால் அது 19 வோல்ட், திங்க்பேட் கேட்பது 16 வோல்ட். ஒரு விளக்குகூட எரியவில்லை. மதர்போர்டில் கடுகளவு இருந்த ஃபியூஸ் போய்விட்டது என்று கண்டுபிடித்து மாற்ற ஆறு வாரம் ஆனது.

அதற்குப் பிறகு வாங்கிய அடாப்டரும் தேறவில்லை. லேபிளில் 16 வோல்ட், மல்டிமீட்டரில் வைத்தாலும் 16 வோல்ட், ஆனால் லேப்டாப் எழுந்து நிற்கும் நேரத்தில் அணைந்துவிடும். மூன்றாவதுதான் வேலை செய்தது. இந்த மூன்று மாத அலைச்சலை நீங்களும் படவேண்டாம் என்று எழுதுகிறேன்.

தேவையான கருவி ஒன்றே ஒன்று: வோல்டேஜையும் மின்தடையையும் அளக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர். தவறான அடாப்டர் ஒன்றின் விலையில் அது வந்துவிடும். அது இல்லாமல் கீழே உள்ள எதையும் தொடங்கவேண்டாம்.

1. முதலில் லேப்டாப் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்

எல்லோரும் அடாப்டரை வாங்கிவிட்டுத்தான் லேப்டாப்பைச் சோதிப்பார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை மின்தடை அளவில் வைத்து, லேப்டாப்பின் மின் துளையில் நடு ஊசிக்கும் வெளி வளையத்துக்கும் இடையே அளந்து பாருங்கள்.

எண் முதலில் சிறிதாகக் காட்டி, மெல்ல மெல்ல ஏறினால் நல்லது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் மீட்டரிலிருந்து மின்னூட்டம் எடுத்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். ஏறாமல் ஓர் ஓம், அரை ஓம் என்று அப்படியே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட். எவ்வளவு நல்ல அடாப்டர் வாங்கினாலும் அந்த லேப்டாப் எழாது. எந்தப் பக்கமும் எதுவுமே காட்டாமல் திறந்த சுற்றாக நின்றால் ஃபியூஸ் போயிருக்கலாம், துளையைப் பலகையோடு பற்றவைத்த சால்டர் விட்டிருக்கலாம். சில மாடல்களில் நுழைவிலேயே மின்னணு சுவிட்ச் இருப்பதால் நல்ல நிலையிலும் அப்படிக் காட்டும். எனவே இதை எச்சரிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியே துளைக்குள் விளக்கடித்துப் பாருங்கள். நடு ஊசி வளைந்திருக்கிறதா, பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கிறதா, துளை ஆடுகிறதா? ஆடினால் உள்ளே சால்டரில் வட்டமாக விரிசல் விட்டிருக்கும். பழைய லேப்டாப்புகளுக்கு அடிக்கடி வரும் நோய் இது. பத்து நிமிட சால்டர் வேலைதான், ஆனால் அங்கே போய்ச் சேர லேப்டாப்பை முழுக்கப் பிரிக்கவேண்டியிருக்கும்.

2. எண்களைச் சேகரியுங்கள்

லேப்டாப்பைக் கவிழ்த்து லேபிளைப் படியுங்கள். 'இன்புட்' என்று தொடங்கும் வரிதான் வேண்டும். அதில் வோல்டேஜும் ஆம்பியரும் இருக்கும். அவற்றுக்கு நடுவே நேர்க்கோடும் அதன் கீழே புள்ளிக்கோடும் இருந்தால் டிசி மின்சாரம் என்று பொருள். அலை போன்ற கோடு இருந்தால் ஏசி. 'இன்புட்' வரியில் 100–240 வோல்ட் என்றும் அலைக்கோடும் கண்டால் வெளி அடாப்டரே கிடையாது என்று அர்த்தம். மின்வழங்கி லேப்டாப்புக்குள்ளேயே இருக்கிறது, சுவரிலிருந்து நேராகக் கம்பி போகும். பிளாஸ்மா திரையோடு வந்த தோஷிபா டி3100 அப்படிப்பட்ட ஒன்று. அதற்கு இந்தக் கட்டுரை உதவாது.

லேபிள் தேய்ந்துபோயிருந்தால் பேட்டரி இருக்கும் குழிக்குள் பாருங்கள். சில மாடல்களில் இன்னொரு லேபிள் அங்கே ஒளிந்திருக்கும். ஆனால் பேட்டரி மீது அச்சிட்டிருக்கும் வோல்டேஜை அடாப்டர் வோல்டேஜ் என்று எடுத்துக்கொண்டுவிடாதீர்கள். புதியவர்கள் அடிக்கடி விழும் குழி இது. 10.8 வோல்ட் பேட்டரி வைத்திருக்கும் லேப்டாப் 16 வோல்ட் அடாப்டர் கேட்பது சாதாரணம். பேட்டரியை ஏற்ற அதைவிட உயர்ந்த அழுத்தம் வேண்டுமல்லவா.

அங்கும் இல்லையென்றால் ஆவணங்கள்தான் வழி. மாடலின் முழுப்பெயரோடு 'சர்வீஸ் மேனுவல்' என்று தேடுங்கள். ஐபிஎம் இதற்கு 'ஹார்டுவேர் மெயின்டனன்ஸ் மேனுவல்' என்று பெயர் வைத்திருந்தது. இன்டர்நெட் ஆர்க்கைவ், பிட்சேவர்ஸ் ஆகிய இணையதளங்களில் பழைய கையேடுகள் ஸ்கேன் செய்யப்பட்டுக் கொட்டிக்கிடக்கின்றன. பயனர் கையேட்டைவிடச் சர்வீஸ் கையேடு மேல், ஏனென்றால் அதில் உதிரிபாக எண்கள் இருக்கும். ஐபிஎம்மில் எஃப்ஆர்யு எண், டெல்லில் டிபி/என், எச்பியில் ஸ்பேர் எண், ஆப்பிளில் எம் அல்லது ஏ என்று தொடங்கும் மாடல் எண். அடாப்டரின் உதிரிபாக எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். லேப்டாப் பெயரைப் போட்டுத் தேடினால் 'உங்கள் மாடலுக்கும் பொருந்தும்' என்று நூறு விற்பனையாளர்கள் கையை உயர்த்துவார்கள். உதிரிபாக எண்ணைப் போட்டுத் தேடினால் நாலே பேர் வருவார்கள், அந்த நாலு பேரிடமும் உண்மையான பொருள் இருக்கும்.

ஆளுக்கு ஆள் எண்கள் எவ்வளவு மாறுகின்றன என்று காட்டவே கீழ்க்கண்டவற்றைச் சொல்கிறேன். உங்கள் லேபிளுக்குப் பதிலாக இவற்றை நம்பவேண்டாம். ஆப்பிள் பவர்புக் 140 முதல் 180 வரையிலான தொடக்ககால மாடல்கள் 7.5 வோல்ட். அதே காலத்து பவர்புக் டியோ 24 வோல்ட். பவர்புக் ஜி4 24.5 வோல்ட். தோஷிபாவின் பழைய டெக்ரா, போர்டேஜே, சாட்டிலைட் புரோ பலவும் 15 வோல்ட், பின்னால் வந்தவை 19. பானசோனிக் டஃப்புக் பலவும் 15.6 வோல்ட். திங்க்பேட் 600இலிருந்து டி43 வரை 16 வோல்ட், டி60இலிருந்து 20. டெல்லின் பழைய லாட்டிட்யூட் சி வரிசை, மூன்று ஊசித் தலைகொண்ட பிஏ-6 அடாப்டரில் 20 வோல்ட் கேட்கும்; அடுத்த தலைமுறை 19.5.

3. நான்கும் ஒத்துப்போகவேண்டும்

வோல்டேஜ், ஆம்பியர், துருவம், பிளக் அளவு. இந்த வரிசையில்தான் பார்க்கவேண்டும். நான் கடைசியிலிருந்து தொடங்கியதால்தான் ஃபியூஸ் போனது.

வோல்டேஜ் லேபிளில் உள்ளதே இருக்கவேண்டும். 19க்கும் 19.5க்கும், 24க்கும் 24.5க்கும் உள்ள அரை வோல்ட் வித்தியாசம் பரவாயில்லை. 16க்கு 19, 15க்கு 16.5 எல்லாம் கூடாது. குறைந்த வோல்டேஜ் லேப்டாப்பை எரித்துவிடாது. ஆனால் அது இயங்காமல் போகலாம், இயங்கினாலும் பேட்டரி ஏறாமல் இருக்கலாம், இது ஏன் என்று நீங்கள் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்ளலாம்.

ஆம்பியர் அதிகமாக இருந்தால் தவறில்லை. இதில் பலருக்கும் பயம். 3.5 ஆம்பியர் கேட்கும் லேப்டாப்புக்கு 4.5 ஆம்பியர் அடாப்டரைப் போட்டால் அதிக மின்சாரம் உள்ளே தள்ளப்படாது. லேப்டாப் வேண்டியதை மட்டும் இழுத்துக்கொள்ளும். குறைவாக இருந்தால்தான் தொல்லை: அடாப்டர் சுடும், சரிந்துபோகும். வாட் கணக்கு கேட்டால் வோல்டேஜையும் ஆம்பியரையும் பெருக்குங்கள். 16 பெருக்கல் 4.5 என்றால் 72 வாட்.

துருவம் என்பது பிளக்கின் நடுவே நேர்மின்னா எதிர்மின்னா என்பது. நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி சி போன்ற வளையம், இரு பக்கமும் கூட்டல், கழித்தல் குறிகள். இந்தப் படத்தை லேபிளில் தேடுங்கள். புள்ளியோடு கூட்டல் குறி இணைந்திருந்தால் நடு நேர்மின். பெரும்பாலான லேப்டாப்புகள் இப்படித்தான். ஆனால் எல்லாமே அப்படி என்று நினைத்துவிடாதீர்கள். 1983இல் வந்த டிஆர்எஸ்-80 மாடல் 100க்கு 6 வோல்ட், நடு எதிர்மின். பார்க்கச் சாதாரண அடாப்டர் மாதிரியே இருக்கும். காலத்தில் பின்னோக்கிப் போகப் போக இந்தப் படத்தை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

கடைசியாக பிளக். வெளி விட்டமும் உள் விட்டமும் மில்லிமீட்டரில் எழுதப்படும். 5.5 × 2.5 என்றால் வெளியே 5.5, உள்துளை 2.5. இதே அளவில் 16 வோல்ட் திங்க்பேட் அடாப்டரும் உண்டு, 19 வோல்ட் தோஷிபா, ஆசஸ் அடாப்டர்களும் உண்டு. என்னைக் கவிழ்த்தது இதுதான். சோனி வையோவிலும் இதே கதை: முந்தைய 16 வோல்ட், பிந்தைய 19.5 வோல்ட் இரண்டுக்கும் 6.5 × 4.4 பிளக்தான். பிளக் செய்பவர்களுக்கு உங்கள் லேப்டாப் பற்றி எந்தக் கவலையும் இல்லை.

5.5 × 2.1, 5.5 × 2.5 இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். 2.5 துளையுள்ள பிளக் 2.1 ஊசியில் உள்ளே போகும், ஆனால் தளர்வாக நின்று, லேப்டாப்பை அசைத்தால் அணையும். 2.1 பிளக் 2.5 ஊசியில் போகவே போகாது. போகவில்லையே என்று அழுத்திவிடாதீர்கள். வெர்னியர் காலிப்பர் இருந்தால் அளந்துவிடலாம். இல்லையென்றால் கூர்மையான மரக்குச்சியைப் பிளக்கின் துளைக்குள் செருகி, நின்ற இடத்தில் கோடு போட்டு, அந்த இடத்தின் தடிமனை அளவுகோலில் பாருங்கள். தோராயம்தான், ஆனாலும் 2.1ஐயும் 2.5ஐயும் பிரித்துச் சொல்லிவிடும்.

4. அடையாளம் கேட்கும் லேப்டாப்பா?

2000க்குப் பிறகு வந்த சில மாடல்களில் பிளக்கின் நடுவே ஊசி போல மூன்றாவது தொடர்பு ஒன்று இருக்கும். அது மின்சாரம் கொண்டுபோவதில்லை, 'நான் இத்தனை வாட்' என்று லேப்டாப்பிடம் சொல்கிறது. டெல்லில் இதற்கென்று அடாப்டருக்குள் ஒரு சிறு சிப் உண்டு. அது பதில் சொல்லவில்லையென்றால் அடாப்டர் வகை தெரியவில்லை என்று திரையில் வரும், பேட்டரி ஏறாது, பிராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஊர்ந்து போகும். அடாப்டர் நல்லதாகவே இருந்து அந்த மெல்லிய ஊசி மட்டும் வளைந்திருந்தாலும் இதே அறிகுறிதான்.

எச்பியும் 7.4 × 5.0 பிளக்கில் நடு ஊசி வைத்தது. டெல் அடாப்டர் அதில் அழகாகப் போகும். ஆனால் இரண்டும் பேசும் மொழி வேறு. உங்கள் மாடலுக்கு நடு ஊசி இருந்தால் பல்நோக்கு அடாப்டர், கையால் மாற்றிய பிளக் போன்றவற்றை மறந்துவிட்டு அதே நிறுவனத்தின் அடாப்டரையே தேடுங்கள். 1990களின் லேப்டாப் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

5. எதை வாங்குவது?

என் வரிசை இது.

முதலிடம், பயன்படுத்திய அசல் அடாப்டர். அசல் என்றால் லேப்டாப் நிறுவனத்தின் பெயரும் உதிரிபாக எண்ணும் அச்சிட்டது. விற்பவரிடம் லேபிளின் படத்தை நெருக்கமாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிளக்கின் படமும் வேண்டும், கம்பி அடாப்டர் பெட்டியிலிருந்து வெளிவரும் இடத்தின் படமும் வேண்டும். அந்த இடத்தில்தான் கம்பி முதலில் உடையும். 'சோதித்தது' என்று எழுதியிருந்தால் எப்படிச் சோதித்தார்கள் என்று கேளுங்கள். பச்சை விளக்கு எரிந்தது என்பது சோதனை அல்ல. எனக்கு வந்த இரண்டாவது அடாப்டரிலும் பச்சை விளக்கு எரிந்தது.

அடாப்டர் லேபிளின் இன்புட் வரியையும் படியுங்கள். 100–240 வோல்ட் என்றால் எங்கும் போடலாம். பழைய கட்டை போன்ற டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர்களில் 120 வோல்ட் மட்டும் என்று இருக்கும். அதை 230 வோல்ட் பிளக்கில் செருகினால் சில நிமிடத்தில் புகை. வெளிநாட்டிலிருந்து வாங்கும்போது முள் மாற்றும் சிறு கருவியைப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கவேண்டாம். அது முள்ளை மட்டும்தான் மாற்றும், வோல்டேஜை அல்ல. சுவர்க் கம்பி தொலைந்திருந்தால் அதற்குத் தனியாக அலையவேண்டாம். எட்டு வடிவ இரண்டு துளை, மூன்று இதழ் வடிவ மூன்று துளை, கணினிக்குப் போடும் பெரிய மூன்று துளை என்று மூன்றே வகைதான் பெரும்பாலும்.

இரண்டாமிடம், புதிய மாற்று அடாப்டர். 15, 16 வோல்ட்டிலும் இன்னும் தயாராகின்றன. நல்லதும் உண்டு, வெறும் ஓடும் உண்டு. எடைதான் எளிய அடையாளம். அதே வாட் அசலைவிடப் பாதி எடை இருந்தால் உள்ளே வடிகட்டிப் பகுதிகளைச் சேமித்துவிட்டார்கள் என்று சந்தேகப்படுங்கள். லேபிளில் எழுத்துப்பிழை இருந்தால் யோசிக்கவே வேண்டாம், திருப்பி அனுப்புங்கள்.

7.5 வோல்ட் பவர்புக் வைத்திருப்பவர்கள் லேப்டாப் அடாப்டராகத் தேடாமல், பொதுப் பயன்பாட்டு 7.5 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டராகத் தேடினால் சீக்கிரம் கிடைக்கும். நல்ல நிறுவனங்கள் புதிதாகவே செய்கின்றன. பிளக் தலையையும் துருவத்தையும் மட்டும் உங்கள் மாடலுக்குச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாமிடம், யுஎஸ்பி-சி சார்ஜர். இதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை, ஆனால் 15, 20 வோல்ட் மாடல்களுக்கு எனக்கு மிகப் பிடித்த வழி இது. பவர் டெலிவரி உள்ள சார்ஜர்கள் 5, 9, 15, 20 வோல்ட் என்ற படிகளில் கொடுக்கும். 'டிரிகர்' என்ற சிறு பலகையோ, உள்ளேயே அந்தச் சிப் வைத்த கம்பியோ சார்ஜரிடம் வேண்டிய வோல்டேஜைக் கேட்டு வாங்கித் தரும். 45 வாட் சார்ஜர் ஒன்று 15 வோல்ட்டில் 3 ஆம்பியர் தரும், பழைய தோஷிபாவில் பலவற்றுக்குப் போதும். 20 வோல்ட்டில் சாதாரணக் கம்பி 3 ஆம்பியர்வரை தாங்கும்; 5 ஆம்பியர் வேண்டுமென்றால் அதற்கென்று சிப் பொருத்திய கம்பி வேண்டும். 16 வோல்ட் படி கிடையாது. அதற்கு வோல்டேஜைச் சிறு சிறு படிகளாக மாற்றித் தரும் பிபிஎஸ் என்ற வசதி உள்ள சார்ஜரும் அதைப் பேசத் தெரிந்த டிரிகரும் வேண்டும். நான் அதற்குள் இறங்கவில்லை.

பொத்தானை அழுத்தி வோல்டேஜ் மாற்றும் டிரிகரை வாங்காதீர்கள். கை தவறி ஒரு அழுத்து, 15 கேட்கும் லேப்டாப்புக்குள் 20 போய்விடும். ஒரே வோல்டேஜில் நிலையாகப் பூட்டியதை வாங்குங்கள். வாங்கிய பின்னும் மீட்டரில் அளந்துவிட்டுத்தான் செருகவேண்டும்.

கடைசி இடம், பத்துப் பதினைந்து முனைகளோடு வரும் பல்நோக்கு அடாப்டர். வோல்டேஜ் சுவிட்ச் நகர்ந்துவிடும், முனையைத் திருப்பிப் போட்டால் துருவம் மாறும் வகைகளும் உண்டு. ஆத்திர அவசரத்துக்கு ஒரு முறை சோதித்துப் பார்க்க வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். நிரந்தரத் தீர்வு அல்ல.

19 வோல்ட் அடாப்டருக்குப் பின்னால் ஒரு குறைப்பான் பலகையைப் போட்டு 16 ஆக்கலாமே என்று கேட்பார்கள். செய்யலாம். ஆனால் அந்தப் பலகை கெட்டுப்போகும்போது பெரும்பாலும் உள்ளே வரும் 19ஐ அப்படியே வெளியே விட்டுவிடும். ஃபியூஸும் மிகை அழுத்தக் காப்பும் சேர்க்கத் தெரிந்தவர்கள் மட்டும் அந்த வழியில் போகட்டும்.

6. வந்ததும் லேப்டாப்பில் செருகாதீர்கள்

முதலில் மோந்து பாருங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். கெப்பாசிட்டர் திரவம் கசிந்திருந்தால் மீன் வாடை அடிக்கும். பிறகு குலுக்குங்கள்: உள்ளே ஏதாவது உருண்டால் செருகவேண்டாம். கம்பி முழுவதையும் விரலால் தடவிப் பாருங்கள். பிசுபிசுப்பு, வெடிப்பு, செம்பு தெரிவது எதுவும் இருக்கக்கூடாது.

சுவிட்ச் உள்ள எக்ஸ்டென்ஷன் பலகையில் இணைத்து, கையெட்டும் தூரத்தில் நின்று போடுங்கள். பல ஆண்டு தூங்கிய அடாப்டரில் விரிசல் விட்ட காகித வடிகட்டிக் கெப்பாசிட்டர் இருந்தால் சில நிமிடத்தில் புகையோடு வெடிக்கும். 1980களின் சாதனங்களில் இது பிரசித்தம். எதுவும் லேப்டாப்போடு இணைக்காமல் அரை மணி நேரம் விடுங்கள், அறையை விட்டுப் போகாதீர்கள். இளஞ்சூடு இருக்கலாம். தொட முடியாத சூடு என்றால் அணைத்துவிடுங்கள்.

இப்போது மீட்டரை டிசியில் வைத்து அளக்கவும். சிவப்பு முனை நடுவில், கறுப்பு முனை வெளியில். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் நடு எதிர்மின். லேபிளில் உள்ளதைவிட 5 சதவீதத்துக்குள் கூடக்குறைய இருந்தால் சரி. 16 வோல்ட் என்றால் 15.2 முதல் 16.8 வரை.

இரண்டு விதிவிலக்குகள் உண்டு. கனமான டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர், வோல்டேஜைச் சீராக்கும் சுற்று இல்லாதது, மின்சாரம் இழுக்கும் சுமை எதுவும் இல்லாதபோது லேபிளைவிட நன்றாகவே அதிகம் காட்டும். 9 வோல்ட்டுக்கு 13 காட்டினால் கெட்டது என்று அர்த்தமில்லை. நேர்மாறாக, 2006இல் ஆப்பிள் கொண்டுவந்த மேக்சேஃப் காந்த முனை, லேப்டாப்போடு சேராதவரை 6, 7 வோல்ட்தான் காட்டும். அதைப் பார்த்து நல்ல அடாப்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வோல்டேஜ் சரியாக இருப்பது பாதி சோதனைதான். மீட்டர் மின்சாரம் இழுப்பதே இல்லை. கெப்பாசிட்டர் வறண்டுபோன அடாப்டர், வேலை எதுவும் இல்லாதவரை சரியான எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும், சுமை ஏறியதும் படுத்துவிடும். என் இரண்டாவது அடாப்டர் செய்தது இதைத்தான். எனவே சுமை கொடுங்கள்.

எளிய வழி: வாகனங்களில் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பு இரண்டைத் தொடராக இணைத்து, 15 முதல் 20 வோல்ட் அடாப்டரில் கொடுங்கள். ஏறத்தாழ ஒன்றரை ஆம்பியர் இழுக்கும். இன்னொரு ஜோடியை இணையாகச் சேர்த்தால் மூன்று ஆம்பியர். பல்புகள் நன்றாகச் சுடும், மேசை விரிப்பின்மேல் வைக்கவேண்டாம். எரியும்போது மீட்டரில் பாருங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் இறங்கினாலோ, பல்பு துடித்தாலோ, அடாப்டர் டிக் டிக் என்று ஓசையிட்டாலோ தேறாது. குளிர்ந்த பல்பு முதல் நொடியில் மிக அதிக மின்சாரம் இழுக்கும், அதனால் சில நல்ல அடாப்டர்கள் ஒரு முறை தடுமாறிவிட்டு நிற்கும். அப்படியானால் ஒரு ஜோடியைப் போட்டு, எரிந்த பிறகு அடுத்த ஜோடியைச் சேருங்கள். இருபது நிமிடம் ஓடவிடுங்கள். கம்பியை இரு முனைகளிலும் வளைத்து ஆட்டிப் பாருங்கள். பல்பு மின்னினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது.

பல்புக்குப் பதில் மின்தடை வைத்தும் செய்யலாம். 10 ஓம், 16 வோல்ட்டில் 1.6 ஆம்பியர், வெப்பம் 25 வாட்டுக்கு மேல். அலுமினிய உறையுள்ள 50 வாட் வகையை உலோகத் தகட்டில் திருகி வைத்தால்தான் தாங்கும். எலக்ட்ரானிக்ஸ் பெட்டியில் கிடக்கும் சின்ன மின்தடையைப் போட்டால் அது தீக்குச்சியாகிவிடும்.

7. முதல் முறை உயிர் கொடுப்பது

பழைய பேட்டரியை வெளியே எடுத்துவிட்டுத்தான் அடாப்டரைச் செருகவேண்டும். செத்த பேட்டரி அடாப்டரைக் கீழே இழுக்கும், சோதனையைக் குழப்பும். பேட்டரி குழியில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி இருந்தால் கசிவு. முதலில் சுத்தம் செய்யுங்கள். விதிவிலக்காக ஒன்று சொல்கிறேன்: ஆப்பிளின் மெக்கின்டாஷ் போர்ட்டபிள், நல்ல பேட்டரி இல்லாமல் எழாது. அதை வைத்திருப்பவர்கள் அடாப்டரைக் குறைசொல்லும் முன் பேட்டரியைப் பார்க்கவேண்டும்.

வரிசையைக் கவனியுங்கள். சுவர் சுவிட்சை அணைத்து வைத்து, பிளக்கை லேப்டாப்பில் முழுதாகச் செருகி, பிறகு சுவிட்சைப் போடுங்கள். உடனே பவர் பொத்தானுக்குப் போகாதீர்கள். ஒரு நிமிடம் பொறுத்து, வாடை, சூடு, ஓசை எதுவும் இல்லையென்றால் அழுத்துங்கள்.

மின்சாரத்தை மட்டுப்படுத்தும் வசதியுள்ள ஆய்வக மின்வழங்கி யாரிடமாவது இரவல் கிடைத்தால் முதல் முறைக்கு அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. வோல்டேஜைச் சரியாக வைத்து, வரம்பை அரை ஆம்பியரில் தொடங்குங்கள். லேப்டாப் அணைந்திருக்கும்போதே வரம்பைத் தொட்டால் உள்ளே ஷார்ட், நிறுத்திவிடுங்கள். தொடவில்லையென்றால் வரம்பை இரண்டு ஆம்பியருக்கு ஏற்றிப் பொத்தானை அழுத்துங்கள். ஃபியூஸ் மாற்றிய பிறகு நான் அப்படித்தான் எழுப்பினேன்.

எழவில்லையா? அடாப்டரைக் கழற்றாமல், லேப்டாப்பில் செருகியிருக்கும்போதே பிளக்கில் வோல்டேஜ் எவ்வளவு என்று பார்க்க முயலுங்கள். அப்படியே இருந்தால் அடாப்டர் குற்றவாளி அல்ல. துளையின் சால்டர், ஃபியூஸ், உள்ளே இருக்கும் மின்மாற்றுப் பலகை என்று தேடல் லேப்டாப்புக்குள் போய்விட்டது. இரண்டு வோல்ட்டுக்கும் பூஜ்யத்துக்கும் இடையே துடித்தால் லேப்டாப் ஷார்ட், அல்லது அடாப்டர் பலவீனம். பல்பில் தேறியிருந்தால் முதலாவதுதான்.

8. பழைய அடாப்டரைப் பிரித்துச் சரிசெய்யலாமா?

அரிதான மாடலுக்கு வேறு வழி இல்லாமல் போகலாம். கெப்பாசிட்டர்களை மாற்றினாலே பல அடாப்டர்கள் பிழைத்துக்கொள்ளும். ஆனால் புதியவர் என்றால் என் பதில் வேண்டாம் என்பதே. பெரும்பாலானவை திருகு இல்லாமல் ஒட்டி மூடியவை. உடைத்துத்தான் திறக்கவேண்டும், பிறகு பாதுகாப்பாக மூடமுடியாது. உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 230 வோல்ட் மின்சாரத்துக்கு 325 வோல்ட் டிசி தேங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பின்னும். ஆளைக் கொல்லப் போதுமான அளவு அது. மின்வழங்கி பழுதுபார்த்துப் பழகிய ஒருவரிடம் கொடுங்கள்.

வெளியே உள்ள கம்பியும் பிளக்கும் வேறு விஷயம். அறுந்த கம்பியை வெட்டி அதே அளவு புதிய பிளக் சால்டர் செய்வது எவரும் பழகக்கூடிய வேலை. வெட்டும் முன் எந்தக் கம்பி நடுவுக்குப் போகிறது என்று மீட்டரில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். நிறத்தை நம்பாதீர்கள். பல அடாப்டர்களில் வெளியே தெரிவது கறுப்பு உறையும் உள்ளே பின்னிய வெற்றுக் கம்பியும்தான்.

9. காலமும் செலவும்

லேபிள் பார்த்து, கையேடு தேடி, லேப்டாப்பை மீட்டரில் அளக்க ஒரு மாலை. சரியான உதிரிபாக எண்ணோடு பயன்படுத்திய அடாப்டர் கண்ணில் படப் பிரபலமான மாடல் என்றால் சில நாள், அரிதானது என்றால் மாதக்கணக்கு. அதற்கு ஒரு தேடல் எச்சரிக்கை வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். வந்ததும் சோதனைக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அதைத் திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் செய்துவிடவேண்டும். நான் இரண்டாவது அடாப்டரை ஆர அமர மூன்று வாரம் கழித்துத்தான் சோதித்தேன். விற்றவர் சிரிக்காத குறை.

செலவில் பெரியது அடாப்டரின் விலை அல்ல, தவறான அடாப்டர்களின் விலையும் இரு வழி அனுப்பும் செலவும்தான். பல இடங்களில் திருப்பி அனுப்பும் செலவு வாங்கியவர் தலையில் விழும், கனமான பொருளுக்கு அது விலையையே தொட்டுவிடும். வாங்கும் முன் அந்த வரியைப் படியுங்கள். அதனால்தான் மல்டிமீட்டரும் நாலு பல்பும் முதலில் வாங்கச் சொல்கிறேன். அவை அடுத்த லேப்டாப்புக்கும் உதவும். அடுத்தது வராமல் இருக்காது.

வேலை முடிந்ததும் ஒரு துண்டு ஒட்டுத்தாளில் லேப்டாப் பெயர், வோல்டேஜ், துருவம் மூன்றையும் எழுதி அடாப்டரின் கம்பியில், பிளக்குக்குப் பக்கத்திலேயே சுற்றி ஒட்டுங்கள். அடாப்டர் பெட்டியின் மேல் அல்ல. இருட்டில் மேசைக்கடியில் கையை விட்டு எடுக்கும்போது கையில் வருவது பிளக்தான்.